சந்தனப் பொட்டும் சிவப்பு விளக்கும்

எழுத்தர் வேலை பார்ப்பவர்களைக் 'காகிதப் பூச்சி' என்று ஏளனம் செய்வார் பலர். மெட்ரிகுலேஷன் தேறி ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்த நாளிலிருந்து நாமும் அப்பெயரைக் கேட்டு வருகிறோம். எழுதியதற்கு ஒரு நகல் எடுப்பது, நகலுக்கு ஓர் எண் இடுவது, அந்த எண்ணை ஒரு பதிவேட்டில் எழுதுவது, பிறகு அதை மேலதிகாரி சரிபார்த்தார் என்பதற்கு ஒரு கையொப்பம் வாங்குவது என இப்படியே நம் காலம் கழிகிறது. இதைக் கண்டு வீட்டிலேயே நகைத்தவர் நம் மைத்துனர். "ஒரு தாளுக்கு மூன்று தாளா மாமா? உங்கள் ரயில் ஓடுவது தண்டவாளத்தின் மேலா, கார்பன் காகிதத்தின் மேலா?" என்பார். அவர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மின்பணியாளர். இயந்திரங்களோடு பழகுகிறவர். காகிதத்தோடு பழகுகிறவரை அவர் சிறிது இளக்காரமாக நினைத்ததில் வியப்பில்லை.

2023-ஆம் ஆண்டு ஆயுத பூஜைக்குப் பின் அவர் அவ்வாறு நகைப்பதில்லை. ஏன் என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லுவது நம் கடமை என்று தோன்றியதால் இதனை எழுதுகிறோம். நம்மவர் வீடுகளில் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளை ஒருவரேனும் இல்லாத வீடு அரிது. ஆகவே இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அன்று.

நம் குடும்பம் இருப்பது ஈஜிபுராவில். நம் தந்தையார் குடியாத்தத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தபோது விவேக்நகருக்கும் கோரமங்கலத்துக்கும் நடுவே கிடைத்த ஓர் ஒண்டுக் குடித்தனத்தில் தங்கினார். அதே தெருவில்தான் இன்றும் இருக்கிறோம். மாடியில் மைத்துனர் குடும்பம். அவர் விடியற்காலையில் எழுந்து, மெஜஸ்டிக் வரை பேருந்தும் அதன்மேல் மெட்ரோவுமாகப் பீன்யாவுக்குப் போய்வருகிறார். நம் தெருவிலிருந்தே ஐந்தாறு பேர், பெண்கள் உட்பட, அதே தொழிற்சாலையில் நாட்கூலிக்குப் போகிறார்கள். அட்டைப் பெட்டி செய்யும் தொழிற்சாலை அது. முதலாளி நல்லவர். பெயர் இங்கு வேண்டா.

அங்கே ஆறு இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. காகிதத்தை நெளிப்பது ஒன்று, பசை இட்டு ஒட்டுவது ஒன்று, கோடு பதிப்பது ஒன்று, வெட்டுவது ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இரும்புப் பேனல். அதற்குள் பி.எல்.சி. என்று அழைக்கப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று உண்டு. ஆறு பெட்டிகளும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டு ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒட்டுகிற இயந்திரம் விரைந்தால் வெட்டுகிற இயந்திரமும் விரைய வேண்டும் அல்லவா? அதற்காகவே இந்த இணைப்பு.

இப்பெட்டியின் வரலாறு சுவையானது. முன்னாளில் ஓர் இயந்திரம் எப்போது ஓடுவது, எப்போது நிற்பது என்பதை ரிலே எனப்படும் மின்காந்தச் சாவிகள் முடிவு செய்தன. ரயில் நிலையங்களின் ரிலே அறையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சிக்னல் தவறாக விழாமல் காப்பவை அங்கே அடுக்கடுக்காக இருக்கும் ரிலேக்களே. மோட்டார் கார்த் தொழிற்சாலைகளிலோ, புது மாதிரி கார் வரும்போதெல்லாம் நூற்றுக்கணக்கான ரிலேக்களின் கம்பிகளைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. இத்தொல்லைக்கு மாற்றுக் காண வேண்டும் என்று 1968-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி கேட்டது. டிக் மோர்லி என்பவரும் அவர் கூட்டாளிகளும் உருவாக்கிய 'மோடிகான் 084' என்னும் பெட்டி மறு ஆண்டே வந்தது. கம்பியை மாற்றுவதற்குப் பதிலாக நிரலை மாற்றினால் போதும் என்றாயிற்று. மின்பணியாளர்களுக்குப் பழக்கமான ரிலேப் படத்தைப் போலவே அந்நிரலையும் வரைந்தார்கள். இரண்டு நெடுங்கோடுகள், இடையிலே படிகள். பார்ப்பதற்கு ஏணி போல இருப்பதால் ஏணிப் படம் என்றே பெயர்.

கம்பியைக் கண்ணால் பார்க்கலாம். நிரலைப் பார்க்க முடியாது. கம்பி அறுந்தால் அறுந்த இடம் தெரியும்; நிரல் மறைந்தால் வெறும் பெட்டிதான் மிஞ்சும். இதைத்தான் நாம் அனைவரும் அவ்வாண்டு ஆயுத பூஜையில் கற்றுக்கொண்டோம்.

பழைய மாதிரிப் பெட்டிகள் பலவற்றில் நிரலானது மின்சாரம் உள்ளவரை மட்டுமே நினைவில் நிற்கும். மின்சாரம் நின்றால் அந்நினைவைக் காப்பது விரல் அளவான ஒரு பேட்டரி. சில ஆண்டுகளில் அது வலுவிழக்கும். அப்போது பெட்டியின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு எரியும். வெட்டும் இயந்திரத்தின் பெட்டியில் அந்த விளக்கு பல மாதங்களாக எரிந்துகொண்டிருந்தது. இயந்திரம் ஓடியது, ஆகவே எவரும் விளக்கைப் பொருட்படுத்தவில்லை. மின்சாரம் ஒருபோதும் நெடுநேரம் நின்றதில்லை. ஆகவே விளக்கின் பொருளும் விளங்கவில்லை.

அக்டோபர் 23, திங்கட்கிழமை, ஆயுத பூஜை. இயந்திரங்களைத் துடைத்து, மாலை சாத்தி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்துப் பூஜை செய்தார்கள். ஒவ்வொரு பேனலையும் திறந்து சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். மாலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீடு திரும்பினார்கள். புதன் காலை சுவிட்சைப் போட்டபோது ஐந்து இயந்திரங்கள் விழித்துக்கொண்டன. வெட்டும் இயந்திரம் மட்டும் விழிக்கவில்லை. பேனலைத் திறந்து பார்த்த நம் மைத்துனர் திகைத்து நின்றார். சிவப்பு விளக்கின் மேலேயே வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. அதை இட்டவர் அவரே.

பிறகு நகலைத் தேடினார்கள். அலுவலகக் கணினியில் வெட்டும் இயந்திரத்தின் பெயரால் மூன்று கோப்புகள் இருந்தன. ஒன்றின் பெயர் 'இறுதி', ஒன்றின் பெயர் 'புதிய இறுதி', மற்றொன்று 'இறுதி இரண்டு'. முதலாவது மிகப் பழைய மென்பொருளில் எழுதியது. இப்போதுள்ள மென்பொருள் அதைத் திறக்கவில்லை. இரண்டாவதற்குக் கடவுச்சொல் உண்டு. எழுதிய எஞ்சினியர் வேலையை விட்டு வளைகுடா நாட்டுக்குப் போய்விட்டார். தொலைபேசியில் கேட்டபோது, அது தம் பழைய மடிக்கணினியோடு போய்விட்டது என்றும் சொல் நினைவில்லை என்றும் வருந்தினார். மூன்றாவது திறந்தது, ஆனால் அது பசை ஒட்டும் இயந்திரத்தின் நிரல்! நகல் இல்லாமை ஒரு குறை. நகல் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது அதனினும் பெரிய குறை.

வெட்டாமல் பெட்டி ஏது? வரிசை முழுவதும் நின்றது. நாட்கூலி ஆட்களை, "சொல்லி அனுப்புகிறோம்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தீபாவளி நவம்பர் 12. நம் தெருவில் அவ்வாரம் யார் முகத்திலும் களையில்லை. பக்கத்து வீட்டு அம்மையார் அந்த இயந்திரத்தில்தான் அட்டை தள்ளுபவர். "பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வைத்திருந்ததை அரிசிக்கு எடுத்துவிட்டேன்" என்று நம் இல்லாளிடம் சொன்னார். மைத்துனர் இதைக் கேட்டுக்கொண்டே படி ஏறிப் போனார். அன்றிரவு அவர் உணவு கொள்ளவில்லை.

அப்போதுதான் நமக்குக் கோலார் பெரியவர் நினைவு வந்தது. கோலார் தங்கவயல் சுரங்கத்தில் மின்பணியாளராக இருந்தவர் அவர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபின், மாரிக்குப்பம் ரயிலேறித் தினமும் பெங்களூருக்கு வந்து வேலை பார்த்தவர்களுள் அவரும் ஒருவர். சீசன் டிக்கெட்டு வாங்க வந்த இடத்தில்தான் நமக்குப் பழக்கமானார். இதே அட்டைத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் பணி செய்து ஓய்வு பெற்று, இப்போது மகன் வீட்டில், நம் வீட்டிலிருந்து நான்கு தெருவு தள்ளி இருக்கிறார்.

சென்று விவரம் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். அதனுள்ளே முதலாளியின் அனுமதியோடு அவர் எடுத்து வைத்திருந்த அச்சுப் பிரதிகள் இருந்தன. வெட்டும் இயந்திரத்தின் ஏணிப் படம் முழுவதும் நாற்பது தாள்களில். ஓரத்திலெல்லாம் பென்சிலால் குறிப்புகள். "சுரங்கத்தில் பழகிய பழக்கம் தம்பி. கீழே இறங்குகிறவன் பெயரை மேலேயும் ஒரு பலகையில் எழுதி வைப்போம். கீழே என்ன ஆனாலும் மேலே கணக்கு இருக்க வேண்டும்" என்றார்.

அன்று முதல் நான்கு இரவுகள் நம் வீட்டுக் கூடத்தில் வேலை நடந்தது. பெரியவர் ஒவ்வொரு படியாக வாசிப்பார். மைத்துனர் மடிக்கணினியில் ஏற்றுவார். நாம் மற்றொரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் ஒரு கோடு இடுவோம். மொத்தம் 212 படிகள். மின்சாரம் பற்றி நாம் ஒன்றும் அறியோம். எனினும் எண்களை ஒப்பிடுவது நம் தொழில் அல்லவா? ஓரிடத்தில் 15 என்று இருக்க வேண்டியது 51 என்று ஏறியிருந்ததை நாம்தான் கண்டு சொன்னோம். வெட்டும் கத்தி காத்திருக்க வேண்டிய நேரம் அது. மைத்துனர் அன்று முதன்முறையாக, "காகிதப் பூச்சிக்கும் கண் இருக்கிறது மாமா" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டோம்.

ஒருவர் படிக்க ஒருவர் எழுத, மூன்றாமவர் ஒப்புநோக்கும் இம்முறை நமக்குப் புதியதன்று. நம் முன்னோர் ஏடு காத்த முறையே இது. பனையோலை நெடுநாள் தாங்காது. செல்லும் பூச்சியும் அரிக்கும். ஆதலின் பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினார்கள். எங்கே பெயர்த்து எழுத ஆளில்லையோ அங்கே நூல் அழிந்தது. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஒரே நூலுக்குப் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்ததன் பயனாகவே 1894-இல் புறநானூறு அச்சேறியது. ஒரு பிரதியில் சிதைந்தது மற்றொரு பிரதியில் கிடைத்தது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அதனுடன் போயின. ஒரே பிரதி என்பது பாதி இழந்த பொருள் என்பதைத் தமிழர்க்குப் பிறர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

நிற்க. நிரலை ஏற்றியாயிற்று, இயந்திரத்தை ஓட்டலாம் என்று எல்லோரும் துடித்தார்கள். பெரியவர் சம்மதிக்கவில்லை. கத்தியின் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொன்னார். பிறகு கத்தியை மூடியிருக்கும் காவல் கதவைத் திறந்து வைத்து, ஓட்டும் பொத்தானை அழுத்தச் சொன்னார். கதவு திறந்திருந்தால் கத்திக்குக் கட்டளை போகக் கூடாது. ஆனால் பெட்டியில் கத்திக்குரிய விளக்கு எரிந்தது! கதவு திறந்திருந்தும், 'ஓடு' என்று பெட்டி ஆணையிட்டுவிட்டது. மோட்டாருக்கு மின்சாரம் இருந்திருந்தால் கத்தி ஓடியிருக்கும்.

காரணம் என்ன? பெரியவரின் அச்சுப் பிரதி, கதவுக்கான படியைச் சேர்ப்பதற்கு முன் எடுத்தது. அவர் ஓய்வு பெற்ற பின் அப்படியைச் சேர்த்த எஞ்சினியர் எங்கும் எழுதி வைக்கவில்லை. சேர்த்தது மைத்துனருக்கே மறந்துபோயிருந்தது. அந்தக் கதவின் அருகே நாள்தோறும் கை நீட்டுபவர் பக்கத்து வீட்டு அம்மையார் என்று முன்னமே சொன்னோம். அன்று வீடு திரும்பிய மைத்துனர் அவர் வீட்டு வாசலைக் கடக்கையில் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு குறையும் நேரவில்லை. ஆயினும் நேர்ந்திருக்கக்கூடியதை அவர் ஒருவரே முழுதும் அறிவார்.

அதன் பின் பெரியவர் ஒவ்வொரு கதவையும், ஒவ்வொரு நிறுத்தும் பொத்தானையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தார். கையைக் காக்கும் வேலையை நிரலை மட்டும் நம்பி விடலாகாது என்று, காவல் கதவிலிருந்து மோட்டாரின் மின்சாரத்தையே துண்டிக்கும் தனிக் கம்பியும் ரிலேயும் போட வைத்தார். பதினொரு நாட்கள் நின்றபின், நவம்பர் 5-இல் வரிசை மீண்டும் ஓடியது. தீபாவளிக்கு ஒரு வாரமே இருந்தது. இழந்த கூலியில் பாதியை முதலாளி கொடுத்தார். மறுபாதியை எவரும் கொடுக்கவில்லை.

இனி, செய்த ஏற்பாட்டைச் சொல்லுவோம். ஆறு பெட்டிகளும் ஒரே கம்பியில் இணைந்திருப்பதால் ஒரு மேசையிலிருந்தே ஆறின் நிரலையும் நகலெடுக்கலாம். இது பெரும் வசதி. ஆனால் அதே மேசையிலிருந்து தவறான பெட்டிக்குத் தவறான நிரலையும் அனுப்பிவிடலாம். ஆகவே ஒவ்வொரு பெட்டியின் பெயரும் வலையில் அதற்குரிய எண்ணும் பேனலின் கதவில் எழுதப்பட்டன. பல மாதிரிகளில் பெட்டியிலிருந்து திரும்ப எடுக்கும் நிரலில் விளக்கக் குறிப்புகள் வருவதில்லை. இது எதற்காக என்ற விவரம் இன்றி, வெறும் எலும்புக்கூடுதான் வரும். ஆகவே குறிப்புகளோடு கூடிய மூலக் கோப்பையே காக்க வேண்டும். தொடுதிரையின் நிரல், மோட்டாரின் வேகத்தை ஆளும் டிரைவின் எண்கள், எந்தப் பதிப்பு மென்பொருளால் எழுதியது என்ற விவரம், அம்மென்பொருளின் பிரதி, இவையும் உடன் இருக்க வேண்டும். கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையில் முதலாளியிடம் இருக்கின்றன.

நகல் எங்கே இருக்க வேண்டும்? மூன்று பிரதிகள், இரு வேறு சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு கட்டடத்தில் என்பது கணினி அறிந்தோர் சொல்லும் விதி. இதோடு, ஒன்றேனும் எந்த வலையிலும் இணையாமல் இருக்க வேண்டும். 2017 ஜூனில் 'நாட்பெட்யா' என்னும் கணினி நஞ்சு மெர்ஸ்க் கப்பல் கம்பெனியைத் தாக்கியபோது, நம் நாட்டில் மும்பைக்கு அருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்திலும் சரக்கு தேங்கியது. அக்கம்பெனியின் கணினி வலையை ஆளும் பதிவுகள் ஒன்றுக்கொன்று நகலாக உலகெங்கும் இருந்தன. வலையில் இணைந்திருந்த அத்தனையும் ஒருங்கே அழிந்தன. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் ஒன்றே ஒன்று தப்பியது. காவலால் தப்பியதன்று, அந்நேரம் அங்கே மின்சாரம் நின்றுபோனதால் தப்பியது! மின்வெட்டு நம் தொழிற்சாலையில் நினைவை அழித்தது. கானாவில் நினைவைக் காத்தது. 2019 மார்ச்சில் நார்வே நாட்டு நார்ஸ்க் ஹைட்ரோ என்னும் அலுமினியக் கம்பெனியின் கணினிகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்டார்கள். கம்பெனி கப்பம் கட்டவில்லை. காத்து வைத்திருந்த நகல்களைக் கொண்டு மீண்டது.

இன்னொன்றும் உண்டு. 2010-இல் வெளிப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' என்னும் நஞ்சு, ஈரானின் நத்தன்ஸ் நிலையத்தில் பி.எல்.சி. பெட்டிகளின் நிரலையே மாற்றியது. மாற்றியது எஞ்சினியரின் கணினித் திரையில் தெரியாதபடி மறைத்தும் வைத்தது. ஆகவே ஓடுகிற நிரலை, தனியே காத்த நகலோடு அவ்வப்போது ஒப்பிட வேண்டும். நகல் இழப்புக்கு மருந்து மட்டும் அன்று. உண்மைக்குச் சாட்சியும் ஆகும்.

இத்தனை ஏற்பாட்டிலும் நம் பங்கு மிகச் சிறியது. ரயில்வே முறைப்படி ஒரு பதிவேட்டைக் கோடு போட்டுக் கொடுத்தோம். இயந்திரத்தின் பெயர், மாற்றிய தேதி, மாற்றியவர், எதற்காக மாற்றினார், நகல் எடுத்தவர், நகலைத் திரும்ப ஏற்றிப் பார்த்தவர், கையொப்பம் என்று ஏழு பத்திகள். ஆறாவது பத்திதான் முக்கியம். மேசை மேல் வைத்த ஒரு மாற்றுப் பெட்டியில் ஏற்றிப் பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத பணக்கட்டுக்குச் சமம். பேட்டரி மாற்றிய தேதிக்குக் கடைசிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். மின்சாரம் இருக்கும்போதே, முதலில் நகல் எடுத்துவிட்டுத்தான் பேட்டரியை மாற்ற வேண்டும் என்பதும் அதன் தலைப்பில் எழுதியிருக்கிறது.

முதலில் மைத்துனர் மாதம் ஒருமுறை எழுதினால் போதும் என்றார். பெரியவர் ஏற்கவில்லை. "மாதப் பிறப்புக்காக இயந்திரம் காத்திருக்குமா தம்பி? மாற்றின அன்றே எழுது" என்றார். அவ்வாறே நடக்கிறது. நகல் என்பது ஒருமுறை எடுத்து வைத்து மறக்கும் பொருள் அன்று; மாற்றந்தோறும் புதுப்பிக்க வேண்டிய கடமை. தகரப் பெட்டியிலிருந்த பழைய பிரதி தொழிற்சாலையைக் காத்தது. அது பழையதாக இருந்ததால் ஒரு கை போயிருக்கும். இரண்டும் உண்மை.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை பீன்யாவிலோ பொம்மசந்திராவிலோ ஓசூரிலோ இயந்திரத்தின் அருகே நிற்பவராயின், இன்று இரவு உணவின்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். "உன் இயந்திரத்தின் நகல் எங்கே இருக்கிறது? அதைக் கடைசியாக ஏற்றிப் பார்த்தது யார்?" விடை உடனே வந்தால் மகிழுங்கள். வராவிட்டால், நாளை அவர் தம் மேலாளரிடம் கேட்கட்டும். கேட்பதில் குற்றம் இல்லை.

2024-ஆம் ஆண்டு ஆயுத பூஜைக்கு முதலாளி நம்மையும் அழைத்திருந்தார். பேனல்களுக்குப் பொட்டிடும் வேலை அவ்வாண்டும் மைத்துனருக்கே. ஒவ்வொரு பெட்டியிலும் விளக்குகளை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, அவற்றின் மேல் படாமல் சற்றுத் தள்ளிச் சந்தனம் இட்டார். அன்றைக்குச் சரஸ்வதி பூஜையும் அல்லவா? கணக்குப் புத்தகங்களின் மேல் நம் பதிவேட்டையும் வைத்திருந்தார்கள். பூஜை முடிந்ததும் மைத்துனர் அதைக் கையில் எடுத்துத் திறந்து, முந்தின நாள் மாற்றிய ஒரு படிக்குக் கையொப்பம் விட்டுப்போயிருந்ததைக் கண்டு, அங்கேயே உட்கார்ந்து ஏற்றிப் பார்த்துவிட்டு ஒப்பமிட்டார். அதற்குப் பிறகே மெயின் சுவிட்சை அணைத்தார்கள்.